லண்டனில் ஒரு யோருபா வீட்டைத் திரைக்கு எழுதுவது எப்படி?

குறும்படம் எடுக்க வரும் தம்பி தங்கைகள் என்னிடம் காட்டும் திரைக்கதைகளில் "பக்கத்து வீட்டில் ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம்" என்ற வரி அடிக்கடி வரும். என் பேனா முதலில் நிற்பது அங்கேதான். ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகள் மட்டும் 54. நைஜீரியா ஒன்றில் மட்டும் பேசப்படும் மொழிகள் சுமார் 500. யாரோ ஒருவர் "ஓர் ஆசியக் குடும்பம்" என்று எழுதி, அப்பாவுக்கு முருகேசன் என்று பெயர் வைத்து, மேசையில் ஜப்பானியச் சாப்பாட்டைப் பரப்பிவைத்தால் நமக்கு எப்படி வலிக்கும்? அந்த வலியைத்தான் நாம் மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் லண்டனில் குறும்படங்களுக்கும் சிறு தொடர்களுக்கும் கன்டினியூட்டி பார்ப்பவள், அதாவது ஷாட்டுக்கு ஷாட் கை, உடை, சாமான் எல்லாம் பொருந்துகிறதா என்று குறித்துவைப்பவள். தென் லண்டனின் பெக்கமில் பதினோரு வருடம் குடியிருந்தேன். மாடி வீட்டில், நைஜீரியாவிலிருந்து வந்த யோருபா இனத்தவரின் குடும்பம். நான் யோருபா இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் கடைசிச் சொல் அவர்களுடையது. அந்தக் கடைசிச் சொல்லை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மாடி வீட்டிலிருந்து நான் கற்றது இதுதான்: புலம்பெயர்ந்த வீட்டை ஓட்டுவது கடமைகள். யார் யாருக்குப் பணம் அனுப்ப வேண்டும், யார் முன்னால் யார் குனிய வேண்டும், யாருடைய சாவுக்கு யாரால் போக முடியவில்லை. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெளிவாகிவிட்டால் காட்சிகள் தாமே வரும். உடையும் பாட்டும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

1. கண்டத்தை விட்டு ஒரு வீட்டைப் பிடியுங்கள்

ஒரு நாடு, ஒரு மொழி, ஓர் ஊர், ஒரு தெரு. என் எடுத்துக்காட்டு, நைஜீரியாவின் இபாடான் நகரிலிருந்து வந்து பெக்கமின் கடைத்தெருவான ரை லேனுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கும் யோருபாக் குடும்பம். உங்களுடையது பாரிஸ் புறநகரில் மாலியிலிருந்து வந்த சொனின்கே குடும்பமாக இருக்கலாம், மினியாபொலிஸில் ஒரு சோமாலிக் குடும்பமாக இருக்கலாம். எதுவானாலும் ஒன்றுக்குரிய உண்மை மற்றதில் பொய்யாகிவிடும்.

அரசு அலுவலகக் கவுன்டரில் அம்மாவுக்காகப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சோமாலி வீட்டில் அது நடக்கும். நைஜீரியாவிலோ ஆட்சிமொழி ஆங்கிலம். அங்கே பள்ளி முடித்த அம்மா அந்தக் கவுன்டரில் தன் பிள்ளையைவிட இலக்கண சுத்தமாகப் பேசுவார். அவருக்கு நேரும் அவமானம் வேறு: எதிரே உட்கார்ந்திருப்பவர், இவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று தாமாக முடிவுகட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல்லுவார். எழுத வேண்டிய காட்சி இது.

பெயர் வைக்கும்போது இரண்டு நாள் செலவழியுங்கள். எமேகா, சிடி, ங்கோஸி எல்லாம் நைஜீரியாவின் இன்னோர் இனமான இக்போக்களின் பெயர்கள். துண்டே, ஃபோலாக்கே, அடே என்று தொடங்கும் பெயர்கள் யோருபா. ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருந்தால் அது கலப்பு மணம். அதற்கென்று ஒரு கதை இருந்தே ஆக வேண்டும். பெயரே கதை சொல்லும் மொழிகள் இவை. பாபாதுண்டே என்றால் "அப்பா திரும்பி வந்துவிட்டார்" என்று பொருள். தாத்தா இறந்தபின் பிறந்த ஆண் குழந்தைக்கு வைப்பார்கள். பாட்டி இறந்தபின் பிறந்த பெண் யேதுண்டே. இரட்டையரில் முதலில் வெளியே வருபவர் தாய்வோ, அடுத்தவர் கெஹின்டே. ஆனால் மூத்தவர் கெஹின்டேதான். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தாய்வோவை முன்னே அனுப்பியவர் அவர் என்பது நம்பிக்கை. இரட்டையருக்குப் பின் பிறப்பது இடோவு. இடோவு என்று ஒரு பாத்திரம் வைத்துவிட்டு அண்ணன் அக்காவைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தால், யோருபாப் பார்வையாளர் படம் முழுக்க அந்த இரட்டையரைத் தேடிக்கொண்டிருப்பார்.

கானாவின் அக்கான் மக்களிடம் பிறந்த கிழமை பெயராகிறது. கோஃபி வெள்ளிக்கிழமைப் பிள்ளை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8ஆம் தேதி பிறந்தார், அன்று வெள்ளி. உங்கள் கோஃபியின் கடவுச்சீட்டு திரையில் தெரியப்போகிறது என்றால், நாட்காட்டியைப் பார்த்துப் பிறந்த தேதியை எழுதுங்கள்.

2. வந்த வருடமும் கையிலிருக்கும் காகிதமும்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பெரும்பாலான திரைக்கதைகள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. "சில வருடங்களுக்கு முன் வந்தவர்கள்" என்று எழுதாதீர்கள். வருடத்தை எழுதுங்கள்.

1960 அக்டோபர் 1 நைஜீரியா விடுதலை பெற்ற நாள். அதை ஒட்டிய ஆண்டுகளில் வந்தவர்களில் பலர் சட்டமும் பொறியியலும் படிக்க வந்த மாணவத் தம்பதிகள். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவதே திட்டம். படிப்பும் வேலையும் சேர்ந்து நெருக்கியபோது பலர் கைக்குழந்தைகளைக் காசு கொடுத்து வெள்ளைக்காரக் குடும்பங்களில் விட்டுவைத்தார்கள். அதற்கான விளம்பரங்கள் நர்சரி வேர்ல்டு என்ற இதழில் வந்தன. இப்படி வளர்ந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்பா அம்மா திரும்பக் கூட்டிப்போக வந்தபோது அவர்களை அந்நியராகப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். உங்கள் கதையின் பாட்டிக்கு 1965இல் ஒரு குழந்தை இருந்தது என்றால், அந்தக் குழந்தை முதல் ஐந்து வருடம் யார் வீட்டில் தூங்கியது என்று முடிவு செய்யுங்கள்.

1980களின் தொடக்கத்தில் நைஜீரிய நாணயமான நைரா ஒன்று ஒரு டாலரைவிட மதிப்புக் கூடியது. 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தபின் அது சரிந்து, 1990 வாக்கில் ஒரு டாலருக்கு எட்டு நைரா ஆனது. அந்தச் சரிவில் வந்தவர்கள் ஊரில் சம்பளமும் மரியாதையும் இருந்த ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செவிலியர்கள். 2024இல் டாலர் 1,500 நைராவைத் தாண்டியது. அண்மையில் ஊரைவிட்டுக் கிளம்பிய இந்தக் கடைசி அலைக்கு நைஜீரியர்களே வைத்த பெயர் "ஜாபா". யோருபாவில் பிய்த்துக்கொண்டு ஓடுவது என்று பொருள். மூன்று அலைக்கும் மூன்று வகை வீடு, மூன்று வகைக் கோபம். ஒரே குடும்பத்தில் 1988இல் வந்த பெரியம்மாவும் 2022இல் வந்த அக்கா மகளும் இருந்தால், இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத இடமே உங்கள் நாடகம்.

அடுத்தது காகிதம். 1983 ஜனவரி 1க்கு முன் பிரிட்டனில் பிறந்த குழந்தை, தூதரகப் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்திருந்தால் அப்பா அல்லது அம்மா குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும். அதாவது 1982இல் பிறந்த அண்ணன் பிரிட்டிஷ்காரர், 1984இல் அதே மருத்துவமனையில் பிறந்த தங்கை இல்லை என்பது நடக்கக்கூடிய காரியம். இந்த ஒரு உண்மை மேல் ஒரு முழுப் படம் நிற்கும். பிறந்து பத்து வருடம் அங்கேயே வளர்ந்த பிள்ளை குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம், ஆனால் அண்மை ஆண்டுகளில் அதன் கட்டணம் ஆயிரம் பவுண்டுக்கு மேல். காகிதம் இல்லை என்பது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினேழு வயதில், கல்லூரிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். ஆறு வயதில் ஸாம்பியாவிலிருந்து வந்து, பள்ளியின் மாணவத் தலைவியாகவும் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கடன் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் அவர் பக்கம் தீர்ப்பானது.

மாதம் கூடக் கதையை மாற்றும். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணி விசாவில் புதிதாக விண்ணப்பித்தவர்களால் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிவர முடியாமல் போனது. உங்கள் பெண் பாத்திரம் அந்த வருடம் பிப்ரவரியில் விண்ணப்பித்தாளா, ஏப்ரலிலா? முதலாவது என்றால் வீட்டில் குழந்தையின் சத்தம் இருக்கும். இரண்டாவது என்றால் தொலைபேசித் திரையில் மட்டும்.

3. வேலை நேரத்தை அட்டவணையாகப் போடுங்கள்

ஒரு தாளில் ஏழு நாட்களையும் வரைந்து, வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று குறியுங்கள். மருத்துவமனைச் செவிலியர்கள் "லாங் டே" என்று சொல்லும் பணி பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இரவுப் பணி முடித்து அம்மா வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அப்பா மாலையில் அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்யப் போவார். எல்லோரும் ஒன்றாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் இரவுச் சாப்பாட்டுக் காட்சி, உங்கள் அட்டவணையில் எந்தக் கிழமைக்குப் பொருந்துகிறது? பெரும்பாலும் எதற்கும் பொருந்தாது. பேச்சு நடப்பது படிக்கட்டில், குளிர்பதனப்பெட்டி மேல் ஒட்டிய தாளில், வாட்ஸாப் குரல் செய்தியில்.

செனகலின் உஸ்மான் செம்பேன் இயக்குநராகும் முன் மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். 1966இல் பிரான்சில் வேலைபார்க்கும் ஒரு செனகல் பணிப்பெண்ணைப் பற்றி அவர் எடுத்த படத்தில், தரை துடைப்பதற்கும் சமைப்பதற்கும் கேமரா முன் இடம் கொடுத்திருக்கிறார். உழைப்பு என்றால் என்ன என்று உடம்பில் அறிந்தவரின் முடிவு அது.

4. யார் யாரிடம் எந்த மொழியில்

நமக்கு இந்தப் படி எளிது, ஏனென்றால் தமிழில் பாதி வேலை முடிந்துவிட்டது. யோருபாவில் "ஒ" என்றால் நீ, "எ" என்றால் நீங்கள். பெரியவரிடம் "ஒ" போட்டால் கன்னத்தில் விழும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கரைந்துபோய்விடும். தமிழில் வசனவரி (சப்டைட்டில்) எழுதும்போது அப்படியே கொண்டுவரலாம். யோருபாப் படங்களுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் வசனவரி பொருத்தமாக அமையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பையன் கோபத்தில் அப்பாவிடம் "எ"வை விட்டு "ஒ"வுக்கு இறங்கும் கணத்தில் "நீங்க" என்பது "நீ" ஆகட்டும். வேறு எந்த வசனமும் வேண்டாம்.

உறவுச் சொல்லில் ஒரு வேறுபாடு உண்டு, கவனியுங்கள். நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று வயதும் பாலும் சேர்ந்தே வரும். அவர்களுக்கு எக்பன் என்றால் மூத்தவர், அபுரோ என்றால் இளையவர். ஆணா பெண்ணா என்பது சொல்லில் இல்லை. "அவன், அவள், அது" மூன்றுக்கும் ஒரே சொல்தான். அதனால்தான் சில பெரியவர்கள் ஆங்கிலம் பேசும்போது ஆணைப் பெண்பாலில் சொல்லிவிடுகிறார்கள். சிரிக்க வைக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த வீட்டில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

மூத்த பிள்ளையின் பெயரால் அம்மாவைக் கூப்பிடுவார்கள்: இயா துண்டே, துண்டேயின் அம்மா. கணவரும் அப்படியே கூப்பிடலாம். சர்ச்சிலும் கடையிலும் பார்க்கும் பெரியவர்கள் எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள். இரத்த உறவா இல்லையா என்று கேட்பது வெளியாட்கள்தான்.

சந்தர்ப்பத்துக்கு ஒரு வணக்கம் உண்டு. "எ கு" என்று தொடங்கி, பின்னால் நிலைமையைச் சேர்ப்பார்கள். வேலை செய்துகொண்டிருப்பவருக்கு "எ கு இஷே". உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, பயணத்திலிருந்து வருபவருக்கு ஒன்று, குளிருக்குக்கூட ஒன்று. இந்தப் பழக்கம் அவர்களுடைய ஆங்கிலத்திலும் ஏறிவிடுகிறது. பாத்திரம் கழுவுபவரைப் பார்த்து "வெல் டன்" என்பார்கள். அது பாராட்டில்லை, வணக்கம். யாராவது கால் இடறினால் "ஸாரி ஓ" என்பார்கள். அது மன்னிப்பு கேட்பதில்லை, "அடடா" என்பதற்குச் சமம். இவற்றை ஆங்கிலப் பொருளில் எழுதினால் காட்சியே தடம் மாறிவிடும்.

உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். "ஆப்பிரிக்க உச்சரிப்பு" என்று ஒன்று உலகத்தில் இல்லை. யோருபா சுரம் உள்ள மொழி. உயர்வு, சமம், தாழ்வு என்று மூன்று. "ஒக்கோ" என்ற ஒரே ஒலிக்கோவையின் கடைசி அசை சமமாக நின்றால் கணவன், உயர்ந்தால் மண்வெட்டி, தாழ்ந்தால் வண்டி. நடிகர் எழுத்தை மனப்பாடம் செய்தால் போதாது, ராகத்தையும் பிடிக்க வேண்டும். அந்த மொழி பேசுபவர் ஒருவரைக்கொண்டு வசனங்களைத் தொலைபேசியில் பதிவு செய்து, படப்பிடிப்புக்கு மூன்று வாரம் முன்பே நடிகரிடம் கொடுங்கள்.

பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள்? பெக்கமில் வளர்ந்த பையனுக்குத் தெருவில் தென் லண்டன் பேச்சு. வீட்டில் அம்மா யோருபாவில் கேட்பார், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். நம் வீடுகளில் நடப்பதுதானே? அவனுக்கு யோருபாவில் சரளமாக வருவது திட்டும், சாப்பாட்டின் பெயர்களும், "வந்துட்டேன்மா" என்பதும். நடுவே "அபெக்" (தயவுசெய்து), "ஓயா" (சரி, கிளம்பு), "வஹாலா" (தொல்லை) என்ற சொற்கள் வரும். அளவாகப் போடுங்கள். வரிக்கு ஒன்று போட்டால் பாத்திரம் செத்துவிடும்.

5. உடம்பு

பெரியவரைப் பார்த்ததும் பெண் முழங்காலிடுவாள், ஆண் முழு உடலும் தரையில் பட விழுந்து வணங்குவான். ஊரில் அப்படி. லண்டன் மாடிப்படியில் அவசரமாகப் போகும்போது அது சுருங்கி, முழங்காலை லேசாக மடக்குவதாக, ஒரு கையால் தரையைத் தொடுவதுபோல் குனிவதாக மாறும். யார் எவ்வளவு குனிகிறார்கள் என்பதை ஒவ்வொரு காட்சிக்கும் தீர்மானியுங்கள். கோபத்தில் இருக்கும் மகள் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் குறைவாக மடங்கினால், அந்த வீட்டில் எல்லோருக்கும் செய்தி போய்விடும்.

திட்டு வாங்கும் பிள்ளை தரையைப் பார்க்கும். நிமிர்ந்து கண்ணைப் பார்ப்பது எதிர்த்துப் பேசுவதற்குச் சமம். பள்ளியில் ஆசிரியர் "என்னைப் பார்த்துப் பேசு" என்பார். வீட்டுப் பாடமும் பள்ளிப் பாடமும் ஒரே முகத்தில் மோதும் இடம் அது. பெற்றோர் சந்திப்புக் காட்சியை அங்கிருந்து எழுதுங்கள்.

கிழங்கு மாவைக் கிண்டிச் செய்யும் எபா, அமலா, இடித்த வள்ளிக்கிழங்கு போன்றவற்றுக்குப் பொதுப்பெயரே "ஸ்வாலோ", விழுங்குவது. வலக்கையால் கிள்ளி, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, குழம்பைத் தொட்டு, மெல்லாமல் விழுங்க வேண்டும். நடிகர் மென்றால் அந்தக் கணமே பிடிபட்டுவிடுவார். நடிகர் தேர்வின்போது இதை யாரும் பார்ப்பதில்லை. ஒத்திகையில் சாப்பிட வைத்துப் பாருங்கள். சாப்பிடும் முன் கை கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வரும். அதையும் சாமான் பட்டியலில் சேருங்கள். இடக்கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

6. அடுக்களையிலிருந்து வீட்டை அமையுங்கள்

கலை இயக்குநர்கள் முகமூடியும் முரசும் வாங்கிவந்து சுவரில் மாட்டுவார்கள். மாடி வீட்டுச் சுவரில் நான் பார்த்தவை: பட்டமளிப்பு அங்கியில் மூத்த மகள், சர்ச் அச்சடித்த நாட்காட்டி, கல்யாணப் படம், பெரிய தொலைக்காட்சி. அலமாரி மேல் பெட்டிகள். அவற்றில் ஒன்று பாதி நிரம்பியே இருக்கும். அது ஊருக்குப் போகப்போவது. கட்டம்போட்ட பிளாஸ்டிக் பை ஒன்று கட்டாயம். அதன் பெயர் "கானா மஸ்ட் கோ". 1983 ஜனவரியில் நைஜீரிய அரசு ஆவணமில்லாத வெளிநாட்டவரை வெளியேறச் சொன்னபோது, லட்சக்கணக்கான கானாக்காரர்கள் அந்தப் பையில் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் கதையில் கானாக்கார மருமகன் இருந்தால், அந்தப் பை சும்மா மூலையில் கிடக்கக்கூட முடியாது.

அடுக்களையில் பிறந்தநாள், திருமணம், அடக்கம் என்று விழாக்களில் கொடுத்த பிளாஸ்டிக் கிண்ணங்களும் வாளிகளும் இருக்கும். அவற்றில் கொண்டாடப்பட்டவரின் முகமும் தேதியும் அச்சாகியிருக்கும். இறந்துபோன ஒரு பெரியம்மாவின் முகத்தில் தினமும் யாரோ அரிசி களைந்துகொண்டிருப்பார்கள். உறைபெட்டியில் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும், உள்ளே மிளகாய்க் குழம்பு. தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், அத்தா ரோடோ என்ற உருண்டை மிளகாய் ஆகியவற்றை அரைத்து, நீர் வற்றக் காய்ச்சி, எண்ணெயில் வதக்குவார்கள். வதக்கும் முன் படுக்கையறைக் கதவுகளைச் சாத்தி, மாட்டியிருக்கும் கோட்டுகளை உள்ளே போடுவார்கள், வாசனை ஏறாமல் இருக்க. இந்தச் செய்கை ஒன்றைக் காட்டினால் போதும், ஜன்னலுக்கு வெளியே எந்த நாடு இருக்கிறது என்று பார்வையாளருக்குப் புரிந்துவிடும். திரையில் மணம் வராது. கதவுகள் சாத்தப்படுவது தெரியும்.

7. பணம் போகும் பாதை

திரைக்கதைக்குப் பக்கத்தில் ஒரு வரவு செலவுத் தாள் வைத்திருங்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, யாருக்கு? தம்பியின் கல்லூரிக் கட்டணமா, அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையா, இபாடானில் பாதியில் நிற்கும் வீட்டுக்கு சிமெண்டா?

"அஜோ" என்பது நம் சீட்டுதான், ஏலமும் தள்ளுபடியும் இல்லாமல். பத்துப் பேர் மாதம் 200 பவுண்டு போட்டு, முறை வருபவர் 2,000 எடுத்துக்கொள்வார். கடைசி முறைக்காரர் முதல் முறைக்காரரை நம்ப வேண்டும். எழுத்து எதுவும் கிடையாது. முதலில் எடுத்தவருடைய விசா மறுக்கப்பட்டால் என்னவாகும்? இப்படி ஒரு கதையை வெளியிலிருந்து பார்ப்பவர் எழுதவே முடியாது. சீட்டுக் கட்டித் தெரிந்த தமிழரால் முடியும்.

விழாவும் கடமைதான். "அசோ எபி" என்று ஒரே துணி எடுத்து எல்லோரும் தைத்துக்கொள்வார்கள். அந்தத் துணியை வாங்காதவர் யார் என்பது மண்டபத்தில் பளிச்சென்று தெரியும். கொண்டாடப்படுபவர் ஆடும்போது நெற்றியில் நோட்டு ஒட்டுவார்கள். ஆட்டத்தைப் படமெடுக்கும் இயக்குநர்கள், கழிவறையில் நின்று கைப்பையில் மிச்சமுள்ள நோட்டுகளை எண்ணும் பெண்ணை எடுப்பதில்லை. அவளை எடுங்கள்.

காகிதம் இல்லாதவர் அம்மாவின் அடக்கத்துக்கு ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அவர் தொலைபேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து அந்த அடக்கத்தைப் பார்ப்பார். நடுவே சிக்னல் அறுந்து படம் உறைந்து நிற்கும். அழுகையை எழுதாதீர்கள். உறைந்த படத்தின் முன் அவர் எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

சர்ச்சைப் பற்றிச் சுருக்கமாக: பெக்கம் இருக்கும் சதக் பகுதியில் மட்டும் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள சபைகள் சுமார் 240 என்று 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1952இல் லாகோஸில் தொடங்கிய ரிடீம்ட் சபையும், வெள்ளை அங்கியும் வெறுங்காலுமாக வழிபடும் செலஸ்டியல் சபையும் ஒன்றுபோல இருக்காது. எந்தச் சபை என்று முடிவு செய்யாமல் கூட்டப் பாட்டை எடுக்காதீர்கள். யோருபாக்களில் முஸ்லிம்களும் ஏராளம். ஒரே வீட்டில் இரண்டும் இருப்பது வெகு சாதாரணம்.

8. முடி, தோல், விளக்கு

பின்னல் போட நான்கு மணி நேரமும் ஆகும், எட்டு மணி நேரமும் ஆகும். ஆகவே கால அட்டவணையில் முதல் வரி முடிக்குரியது. காட்சிகளை வரிசை மாற்றி எடுக்கிறீர்கள் என்றால், எந்தக் காட்சிக்கு எந்தப் பின்னல், எத்தனை நாள் பழையது என்று எழுதிவையுங்கள். மூன்று வாரப் பின்னலின் வேரில் புது முடி வளர்ந்திருக்கும். இரவில் சாட்டின் தொப்பி இல்லாமல் தலையணையில் படுக்கும் பாத்திரம், அதே முடியோடு காலையில் எழுந்தால் பெண்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஒப்பனைக்காரருக்கு இந்த முடியில் அனுபவம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆள். நடிகையே வீட்டில் பின்னிக்கொண்டு வரும்படி ஆவதுண்டு. அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். காட்சியாகவும் இது பொக்கிஷம்: அம்மா நாற்காலியில், மகள் தரையில் அவர் முழங்கால்களுக்கு நடுவே, தலை அசைக்க முடியாது, எழுந்து போக முடியாது, முகம் பார்க்க முடியாது. மறைத்துவைத்த எதையும் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒளியில் நம் ஊர் ஒளிப்பதிவாளர்களுக்கும் பாக்கி இருக்கிறது. கறுத்த முகத்துக்குப் பவுடர் பூசி வெளுப்பாக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க வைத்திருந்த "ஷேர்லி" அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. கருந்தோல் பதிவாகவில்லை என்பதை நிறுவனம் கவனித்ததில், மரச்சாமான், சாக்லேட் கம்பெனிகள் தங்கள் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று செய்த புகாருக்கும் பங்கு உண்டு.

செய்ய வேண்டியது எளிது. கேமராவின் தானியங்கி அளவை நம்பாதீர்கள். முகத்தில் அளந்து பாருங்கள். கடுமையான நேர் விளக்கைக் கூட்டுவதற்குப் பதில், பெரிய வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள். கருந்தோல் ஒளியைத் திருப்பித் தருவதில்தான் அழகு. பவுடர் போட்டு அதை அடைக்காமல், ஷியா வெண்ணெய் லேசாகத் தடவுங்கள். சுவர் பளீர் வெள்ளை வேண்டாம். வெளிர்தோல் நடிகரும் கருந்தோல் நடிகரும் ஒரே சட்டகத்தில் என்றால், கருந்தோல் நடிகரை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

9. மறுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர்

படம் முடிந்தபின் "சரியாக இருக்கிறதா" என்று கேட்பது மரியாதைக்குக் கேட்பது. முதல் வரைவிலேயே அந்தச் சமூகத்தவர் ஒருவர் உங்களுடன் உட்கார வேண்டும். அவருக்குச் சம்பளமும், பெயர் வரிசையில் இடமும், "இந்தக் காட்சி வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2019இல் சிபிஎஸ் ஒளிபரப்பத் தொடங்கிய "பாப் ஹார்ட்ஸ் அபிஷோலா" தொடர், டெட்ராய்டில் வேலை செய்யும் ஒரு யோருபாச் செவிலியரின் கதை. நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஜீனா யாஷெரேயை அதற்கு முதலில் ஆலோசகராகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு அவர் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவராகி, எழுதி, நடிக்கவும் செய்தார். அரங்கச் சிரிப்பொலி தொடர் ஒன்றில் பாத்திரங்கள் யோருபாவில் பேச, வசனவரி ஓடியது. நாற்காலி எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்துப் படம் மாறும்.

ஒருவரின் ஒப்புதலோடும் நின்றுவிடாதீர்கள். லண்டனில் பிறந்த இருபத்தைந்து வயதுக்காரர் பார்ப்பது வேறு, 1988இல் வந்த ஆன்ட்டி பார்ப்பது வேறு. இருவரிடமும் காட்டுங்கள். தொகுப்பு முடியும் முன், மாற்ற இடமிருக்கும்போதே காட்டுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு குறும்படத்தின் முதல் தொகுப்பை மாடி வீட்டு ஆன்ட்டிக்கு மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு ஓர் இடத்துக்குத் திருப்பச் சொன்னார். மகள் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் காட்சி. இடக்கையில் கொடுக்கிறாள். நடிகை இடக்கைப் பழக்கக்காரி. ஆறு டேக்கிலும் இடக்கை. என் குறிப்பேட்டிலும் "இடக்கை, ஆறிலும் பொருந்துகிறது" என்று எழுதி வைத்திருந்தேன். சிறுவயதில் இடக்கையால் தட்டு நீட்டியதற்கு அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். அப்படியும் அந்த அறையில் என் கண்ணுக்கு அது படவே இல்லை.

படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டிப் போடலாமா என்று எடிட்டர் கேட்டார். பின்சுவரில் சர்ச் நாட்காட்டி இருந்தது, எழுத்து இடவலம் மாறிவிடும். ஒரு ஞாயிறு மாலை, அதே டம்ளர், அதே சட்டை, நாற்பது நிமிடத்தில் திரும்ப எடுத்தோம். ஆன்ட்டி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று நடிகைக்குச் செய்துகாட்டினார்: டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலைச் சற்று மடக்கி, பார்வையைத் தரையில் வைத்து, அப்பா வாங்கிக் குடித்து முடிக்கும்வரை நகராமல். அந்தக் கடைசி விஷயம் எங்கள் திரைக்கதையில் இல்லவே இல்லை. இப்போது அந்தப் படத்தின் மிக நீளமான ஷாட் அது.